பொதுக் குளியல் தொட்டி: ஜலம் நாறாதிருக்க வழி

பங்குனி பிறந்து கண்மாய்கள் வற்றிய பிறகு, மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் ஜனங்கள் குளிப்பதற்கு இரண்டு இடங்களே மிஞ்சுகின்றன. ஒன்று, தோட்டத்துப் பம்புசெட்டின் தொட்டி. மற்றொன்று, ஊர்ப் பொதுவில் கட்டிய சிமெண்டுத் தொட்டி. வைகையில் ஜலம் ஓடும் நாட்களில் ஒருவரும் பொருட்படுத்தாத இத்தொட்டிகள், கோடையில் ஊர் முழுவதற்கும் ஸ்நானகட்டமாகி விடுகின்றன. அப்பொழுதே புகார்களும் தொடங்குகின்றன. தண்ணீர் நாறுகிறது என்பர் சிலர். மருந்தைக் கொட்டிக் கெடுத்துவிட்டார்கள், கண் எரிகிறது என்பர் வேறு சிலர். நாற்றத்திற்கு அஞ்சிப் பிளீச்சிங் பவுடர் இடுவதும், நெடிக்கு அஞ்சி அதனை நிறுத்துவதும், ஒருவரையொருவர் குறை கூறுவதுமாகவே கோடை கழிந்துவிடுகிறது. இதற்கிடையில் குழந்தைகளுக்குச் சிரங்கும், காதில் சீழும், கண் சிவப்பும் உண்டாகின்றன.

இவ்விரு புகார்களுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. தொட்டியில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது. அழுக்கை நீக்காமல் அதன் மேல் மருந்து இடப்படுகிறது. அழுக்கை முதலில் நீக்கி, மருந்தைப் பின்னர் அளந்து இட்டால், நாற்றமும் இராது, நெடியும் இராது, செலவும் குறையும். இதனைக் காரணத்தோடு விளக்கி, கூட்டுறவு சங்க அங்கத்தினர்கள் தங்கள் ஊரில் அநுஷ்டிக்கக் கூடிய முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓடும் ஜலமும் தேங்கிய ஜலமும்

பம்புசெட்டுத் தொட்டி, மோட்டார் ஓடும்பொழுது நாறுவதில்லை. ஒரு பக்கம் புது ஜலம் விழ, மறு பக்கம் பழைய ஜலம் வாய்க்கால் வழியே வயலுக்குப் போய்விடுகிறது. குளிப்பவரின் அழுக்கும் அத்துடன் போகிறது. மோட்டார் நின்று, அதே ஜலம் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டால், அத்தொட்டியே பச்சை நிறம் கொண்டு வாடை வீசத் தொடங்குகிறது.

பெரிய நீர்நிலைகளை அமைத்த முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில் வெட்டப்பட்ட வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்கு வைகையிலிருந்து கால்வாய் மூலம் ஜலம் வரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. கண்மாய்க்கு வரத்துக்காலும் கலுங்கும் இருப்பது போல், ஊருணிக்கும் ஜலம் வரவும் மிகுந்தது போகவும் வழி வைப்பது நமது நாட்டு வழக்கம். சிமெண்டுத் தொட்டிக்கோ இவை இரண்டும் இல்லை. ஆகையால் அவ்வேலையை நாமே கையால் செய்தாக வேண்டும்.

தொட்டியின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள தொட்டியில் 180 கன அடி ஜலம் கொள்ளும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் இது சற்றேறக்குறைய 5,100 லிட்டராகிறது. அதில் ஒரு நாளைக்கு 40 பேர் இறங்கிக் குளித்தால், ஆளுக்கு 130 லிட்டருக்கும் குறைவே கிடைக்கிறது. அதாவது எட்டு அல்லது ஒன்பது குடம். மறுநாளும் அதே ஜலம் என்றால் ஆளுக்கு நாலைந்து குடமே. பார்வைக்குத் தொட்டி நிறைய ஜலம் இருப்பினும், அழுக்கின் அளவைக் கொண்டு பார்த்தால் அது சொற்பமே.

நாற்றம் மூன்று வகை

தொட்டியின் வாடையைக் கவனித்தால் அதன் காரணத்தை ஒருவாறு அறியலாம்.

முதலாவது, அழுகிய முட்டை போன்ற நாற்றம். இது தொட்டியின் அடியிலிருந்து வருவது. இலை, மண், சோப்பு நுரை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை அடியில் சேறாகப் படிகின்றன. அச்சேற்றுக்குள் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள், ஜலத்தில் கரைந்துள்ள கந்தக உப்புக்களை மாற்றி, துர்நாற்றமுள்ள ஒரு வாயுவை வெளிவிடுகின்றன. உப்பு மிகுந்த கிணற்று ஜலத்தில் கந்தக உப்பும் மிகுந்திருந்தால், அங்கே இந்நாற்றம் எளிதில் உண்டாகும்.

இரண்டாவது, பாசி வாடை அல்லது மண் வாடை. இது வெயில் படும் தொட்டிகளில் வளரும் பாசியாலும், மண்ணிலுள்ள சிலவகை நுண்ணுயிர்களாலும் வருவது. இவ்வாடை தானே நோய் தருவதன்று. ஆயினும், பாசி வளர்வதற்கு வேண்டிய உணவு ஜலத்தில் சேர்ந்துவிட்டது என்பதற்கு இது அத்தாட்சி.

மூன்றாவது, மூக்கில் ஏறும் மருந்து நெடி. இதனைப் பற்றியே ஊர்களில் தவறான எண்ணம் மிகுதி.

மருந்து நெடியின் உண்மை

பிளீச்சிங் பவுடர் என்னும் வெளுப்புத் தூளுக்கு 1799-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டென்னன்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். துணி வெளுக்கவே அது முதலில் பயன்பட்டது. நூலுக்குச் சாயமேற்றும் மதுரைத் தொழிலாளருக்கு அது புதியதன்று. இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டோன் நகரில் 1897-ம் வருஷம் விஷசுரம் பரவியபொழுது, குடிநீர்க் குழாய்களைச் சுத்தி செய்ய அத்தூளை உபயோகித்தனர். 1908-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரில் குடிநீருக்கு நித்தியப்படி குளோரின் இடும் வழக்கம் தொடங்கியது. தூளிலிருந்து ஜலத்தில் கலக்கும் குளோரினே கிருமிகளைக் கொல்வது.

அக்குளோரின் கிருமிகளை மட்டும் தேடிச் செல்வதில்லை. வியர்வை, சிறுநீர், எண்ணெய், சோப்பு, இலைச்சருகு ஆகிய எதைச் சந்தித்தாலும் அதனுடன் சேர்ந்து செலவாகிவிடுகிறது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள உப்புக்களுடன் சேரும்பொழுது குளோரமைன் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. மூக்கில் ஏறுவதும், கண்ணைச் சிவக்கச் செய்வதும் பெரும்பாலும் இவையே. சுத்தமான ஜலத்தில் சரியான அளவு குளோரின் இருந்தால் நெடி மிகச் சொற்பமாகவே இருக்கும்.

ஆகையால், தூளை அளந்திட்ட தொட்டியில் நெடி பலமாக இருந்தால், மருந்து அதிகமாகிவிட்டது என்று முடிவு செய்வது பெரும்பாலும் பிசகு. அழுக்கு அதிகமாகி, கிருமியைக் கொல்லும் குளோரின் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்நிலையில் மருந்தை நிறுத்தினால் கிருமி பெருகும். அழுக்கின் மேலேயே மீண்டும் மீண்டும் சிறிது தூளைத் தூவினால் நெடி பெருகும். சிறு தொட்டிக்குச் சரியான பரிகாரம், ஜலத்தை இறக்கிவிட்டு, தேய்த்துக் கழுவி, புது ஜலம் நிரப்புவதே. அதற்கு ஆகும் மின்சாரமும் உழைப்பும், வீணாகும் தூளின் விலையையும் வைத்தியச் செலவையும் நோக்க அற்பமானவை.

வெயிலே அடுப்பு

மேல்நாடுகளில் வீட்டிலும் விடுதிகளிலும் பலர் ஒன்றாக அமரும் வெந்நீர்த் தொட்டிகள் உண்டு. அவற்றைச் சுத்தமாக வைப்பது சாதாரண நீச்சல் குளத்தைக் காட்டிலும் கடினம் என்பது அங்கே கண்ட அநுபவம். சூட்டில் வியர்வை மிகுதியாக வெளிப்படுகிறது. குளோரின் சீக்கிரம் அழிகிறது. சிலவகைக் கிருமிகள் விரைவில் பெருகுகின்றன. இக்காரணம் பற்றியே நீச்சல் குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது குளோரின் இருக்கவேண்டும் என்றும், வெந்நீர்த் தொட்டியில் 3 மில்லிகிராமாவது வேண்டும் என்றும் அமெரிக்க நாட்டு சுகாதார அதிகாரிகள் வற்புறுத்துகின்றனர்.

நமது கிராமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சித்திரை வைகாசியில் 100 டிகிரிக்கு மேல் வெயில் காயும் இந்தச் சமவெளியில், மூடியில்லாத தொட்டி விறகில்லாமலே வெந்நீர்த் தொட்டியாகி விடுகிறது. வெயில் ஜலத்தைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை. அதன் கதிர்கள் குளோரினையும் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. காலையில் தூள் இட்ட தொட்டி, மாலையில் காவலற்ற தொட்டியாக நிற்பது இதனாலேயே.

வெதுவெதுப்பான ஜலத்தில் வளரும் கிருமிகளுள் லீஜியோனெல்லா என்பது கொடியது. 1976-ம் வருஷத்தில் பிலடெல்பியா நகரில் முன்னாள் ராணுவத்தினரின் மகாநாட்டுக்கு வந்தவர்களிடையே கடும் நிமோனியா பரவியபொழுதே அது கண்டறியப்பட்டது. 1999-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்தில் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரின் மலர்க் காட்சியில், விளம்பரத்திற்காக வைத்திருந்த ஒரு வெந்நீர்த் தொட்டியிலிருந்து அது பரவி, 30 பேருக்கு மேல் இறந்தனர். அத்தொட்டி வெறும் காட்சிப் பொருளே. அதிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்ததே அவர்கள் நோய்க்குக் காரணம். இக்கிருமி 25 முதல் 45 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள சூட்டில் நன்கு வளரும். தொட்டியின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலம் இதுபோன்ற கிருமிகளுக்கு அரண். மருந்து அப்படலத்துக்குள் எளிதில் நுழையாது. அதனைத் தேய்த்தே எடுக்கவேண்டும்.

இறங்குமுன் குளித்தல்

சனிக்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் எண்ணெய் தேய்த்துக் கொண்டு வருபவர்கள் தொட்டியில் நேரே இறங்கிவிட்டால், அன்றைக்கே ஜலத்தின் மேல் பிசுக்குப் படரும். சீயக்காய், அரப்பு, சோப்பு எல்லாம் கிருமிக்கும் பாசிக்கும் உணவாகின்றன. எண்ணெய் ஸ்நானம் உடலுக்கு இதமான வழக்கம், அதனை விடவேண்டுவதில்லை. அதைத் தொட்டிக்கு வெளியே செய்யவேண்டும் என்பதே நாம் கூறுவது.

வெந்நீர்த் தொட்டியைத் தலைமுறை தலைமுறையாக உபயோகித்து வரும் ஜப்பானியரின் வழக்கம் இங்கே கவனிக்கத்தக்கது. அவர்கள் தொட்டிக்கு வெளியே அமர்ந்து, தேய்த்துக் குளித்து, சோப்பு முழுவதும் போகும்படி ஜலம் ஊற்றிக்கொண்ட பிறகே உள்ளே இறங்குவர். தொட்டி அங்கே அழுக்கைப் போக்கும் இடமன்று. நமது வீடுகளிலும் அண்டாவில் வெந்நீர் வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றிக் கொள்கிறோமே அன்றி, அண்டாவுக்குள் ஒருவரும் கையை விட்டு அலம்புவதில்லை. வீட்டு அண்டாவுக்குக் காட்டும் அந்த மரியாதையைப் பொதுத் தொட்டிக்கும் காட்டினால், பாதி வேலை முடிந்தது.

ஆகவே தொட்டியைச் சுற்றிச் சாய்வான சிமெண்டுத் தளம் போட்டு, தொட்டியிலிருந்து குழாய்கள் வைத்து, வெளியே நின்று குளிக்கும்படி அமைப்பதே உத்தமம். தளத்து ஜலம் ஓரிடத்தில் தேங்காமல் வாய்க்கால் வழியே தென்னைக்கோ வாழைக்கோ போகட்டும். புண், சிரங்கு, வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் எந்நிலையிலும் தொட்டிக்குள் இறங்கலாகாது. துணி துவைத்தலும் மாடு கழுவுதலும் வேறிடத்தில் நடக்க வேண்டும்.

கழுவும் முறை

வாரம் ஒரு முறையாவது, ஜனங்கள் இறங்கும் தொட்டியானால் கோடையில் இரண்டு நாளைக்கொரு முறை, தொட்டியை அடியோடு காலி செய்யவேண்டும். மாலையில், முந்திய மருந்தின் வீரியம் தணிந்த பிறகு ஜலத்தைத் திறந்துவிட்டால் மரங்களுக்குத் தீங்கு நேராது.

அடிச் சேற்றை வாரி எடுத்தபின், சுவரையும் மூலைகளையும் முரட்டுத் துடைப்பத்தால் தேய்க்கவேண்டும். 15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி ஜலத்தில் 15 கிராம் தூளைக் கரைத்து, அதனால் சுவர் முழுவதும் நனைத்து, அரைமணி நேரம் விட்டுப் பின் நன்றாக அலம்பிவிடலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தன் முட்டைகளை ஜலமட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்தாலும் சாவதில்லை. ஜலம் பட்டவுடன் பொரிக்கும். ஆதலால் ஜலத்தை மாற்றுவது மட்டும் போதாது; சுவரைத் தேய்ப்பதும் அவசியம். தொட்டிக்கு மூடியோ கீற்றுப் பந்தலோ இருந்தால் பாசியும் குறையும், மருந்தும் நிலைக்கும்.

கலங்கல் ஜலத்தைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை இழைத்து விடுவது நமது பழைய வழக்கம். படிகாரமும் அவ்வேலையைச் செய்யும். இவை மண்ணை அடியில் படியச் செய்கின்றனவே அன்றி, கிருமிகளை முற்றும் நீக்குவதில்லை. தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலம் என்று நம்பிவிடக் கூடாது.

மருந்தின் அளவு

நல்ல தூளில் 100-க்கு 30 முதல் 33 பங்கு வரை பயன்படக்கூடிய குளோரின் இருக்கும். மேலே கூறிய 5,100 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் இட, ஏறக்குறைய 10 கிராம் குளோரின் வேண்டும். அதற்குச் சுமார் 35 கிராம் தூள் போதும். கைப்பிடியால் அள்ளிப் போடுவதை விட்டு, தராசில் நிறுத்தே இடவேண்டும்.

தூளைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது ஜலம் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறைய ஜலம் சேர்த்துக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்தெளிவை மட்டும் தொட்டியில் பரவலாக ஊற்றுக. அடிச் சுண்ணாம்பையும் சேர்த்தால் ஜலத்தில் காரம் ஏறும். காரம் ஏறிய ஜலத்தில் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. பி.எச். என்னும் அளவு 7.5 ஆக இருக்கையில் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமுள்ள நிலையில் இருக்கும்; 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கே அவ்வாறு இருக்கும். குளிக்கும் ஜலத்துக்கு 7.2 முதல் 7.8 வரை ஏற்றது.

சூரியன் மறைந்து, குளிப்பவர்கள் போன பிறகு மருந்து இடுவதே சரியான வேளை. இரவு முழுவதும் அது வேலை செய்யும். காலையில் சோதனைப் பெட்டியால் ஜலத்தைச் சோதித்து, லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சியிருந்தால் குளிக்கலாம். இரவில் இட்டது காலையில் சிறிதும் மிஞ்சவில்லை என்றால் தூள் வீரியமற்றதாயிருக்கும், அல்லது தொட்டி அழுக்காயிருக்கும். தூள் புதியதானால், தொட்டியைக் காலி செய்க. இவ்வளவு குளிப்பதற்கு மட்டுமே என்பதையும், குடிநீருக்கான அளவு இதனினும் குறைவு என்பதையும், இத்தொட்டியின் ஜலத்தைக் குடிக்கலாகாது என்பதையும் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கக்கூசு கழுவும் ஆசிட்டையோ வேறெந்த மருந்தையோ இத்தூளுடன் ஒரே பாத்திரத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்தான வாயு எழும். தூளைக் கரைப்பவர் காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யவேண்டும்.

தொட்டி எல்லோருக்கும் உரியது

அசுத்தத்தைக் காரணமாகக் காட்டிச் சில குடும்பத்தாரைப் பொதுத் தொட்டிக்கு வரவிடாமல் தடுக்கும் வழக்கம் முற்காலத்தில் பரவியிருந்தது. இன்றும் அதன் நிழல் முற்றும் மறையவில்லை. மேலே கூறியவற்றைப் படித்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். எண்ணெய் ஜாதி பார்த்துப் பிசுக்காவதில்லை; ஒருவர் வியர்வைக்கும் மற்றொருவர் வியர்வைக்கும் குளோரின் வித்தியாசம் காண்பதில்லை. நாற்றத்துக்குக் காரணம் பிறப்பன்று, பராமரிப்பின்மையே.

பொதுக் கிணறு, குளம் முதலியவற்றில் ஒருவரையும் தடுக்கலாகாது என்று 1938-ம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் செய்யப்பட்டது. 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் ஒடுக்கப்பட்ட வகுப்பாரை அழைத்துச் சென்றார். 1950-ம் வருஷம் அமுலுக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, கிணறு, குளம், ஸ்நானகட்டம் ஆகியவற்றைப் பெயர் கூறியே எல்லோருக்கும் உரியவை என்று விதித்திருக்கிறது. தொட்டியை வாரந்தோறும் கழுவும் ஊரில் இவ்விஷயமாகச் சச்சரவுக்குச் சாக்குக் கிடைப்பதும் அரிது. ஆனால் அக்கழுவும் வேலையை ஒரே வகுப்பார் மீது சுமத்துவது பழைய தீமையை வேறு பெயரில் நிலைநாட்டுவதாகும். எல்லா வீடுகளுக்கும் முறை வரவேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

பிளீச்சிங் பவுடர் நாட்பட்டால் வீரியம் இழக்கும். ஈரமும் சூடும் வெளிச்சமும் பட்டால் இன்னும் சீக்கிரம் இழக்கும். தனி மனிதர் ஒரு மூட்டை வாங்கினால் பாதி வீணாகும். சில்லறையில் வாங்கினால் பழைய சரக்கு வந்து சேரும். இங்கேயே கூட்டுறவின் உபயோகம் விளங்குகிறது. பக்கத்துக் கிராமங்கள் சேர்ந்து புதிய மூட்டை ஒன்றை வாங்கி, சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் காற்றுப் புகாமல் அடைத்து, வாங்கிய தேதியை மேலே எழுதிப் பகிர்ந்து கொள்ளலாம். சோதனைப் பெட்டியும் சிறு தராசும் சங்கத்தின் பொது உடைமையாக இருக்கலாம்.

அடுத்த பொதுமகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் நான்கு விஷயங்களைத் தீர்மானிக்குமாறு வேண்டுகிறோம். தொட்டியின் நீள, அகல, ஆழத்தை அளந்து, கொள்ளளவையும் இடவேண்டிய தூளின் எடையையும் சுவரில் எழுதி வைத்தல் முதலாவது. கழுவும் நாளையும் வீட்டு முறையையும் குறிப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்தல் இரண்டாவது. காலைச் சோதனையின் முடிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்தல் மூன்றாவது. வெளியே நின்று குளிப்பதற்கான தளத்தையும் குழாய்களையும் பஞ்சாயத்தாருடன் கலந்து அமைத்தல் நான்காவது.

இவற்றுள் பணச் செலவு மிகுந்தது கடைசி ஒன்றே. மற்ற மூன்றையும் இந்த வாரமே தொடங்கிவிடலாம். கண்மாய் வற்றுமுன் தொடங்கும் ஊருக்குக் கோடை முழுவதும் பயன் கிட்டும்.